லாயத்துக்குள் நுழையாத நெறி

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் நடந்தன. தடை தாண்டும் தனிநபர் இறுதிச் சுற்று நடந்த அன்று நான்கு குதிரைகள் களத்திலிருந்து விலக்கப்பட்டன. பிரேசில், ஜெர்மனி, அயர்லாந்து, நார்வே ஆகிய நாடுகளின் வீரர்கள் ஏறி வந்த குதிரைகள் அவை. சோதனையில் அகப்பட்ட பொருள் கேப்சைசின், மிளகாய்க்குக் காரம் தரும் வேதிப்பொருள். தசைவலிக்குத் தேய்க்கும் களிம்புகளில் இது உண்டு. வீரர்கள் தரப்பும் அதையே சொன்னது. ஆனால் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. குதிரையின் காலில் தேய்த்துக் கட்டுப்போட்டால் தோல் எரியத் தொடங்கும். மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டவர்களுக்கு அந்த எரிச்சலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எரிகிற காலில் தடைக்கம்பு லேசாகப் பட்டாலும் வலி பல மடங்காகும். அடுத்த தடையில் குதிரை காலை இன்னும் உயரத் தூக்கும். கம்பு விழாது, தண்டப்புள்ளி ஏறாது. இரண்டு பயன்களும் உள்ள பொருள் என்பதால்தான் அது தடைப் பட்டியலில் இருந்தது. நார்வே அணி தான் வென்ற வெண்கலத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

அந்த வீரர்களில் ஒருவர்கூட நெறிமுறை தெரியாதவர் இல்லை. குதிரையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று ஒப்புக்கொண்ட பிறகே சர்வதேசப் போட்டியில் யாரும் களமிறங்க முடியும். 2008க்குப் பிறகு மருந்து விதிகள் முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னும் ஒலிம்பிக் தோறும், சில சமயம் ஆண்டு தோறும், ஏதாவது ஒரு காணொளி வந்து இந்த விளையாட்டின் அடித்தளத்தையே உலுக்கிவிட்டுப் போகிறது. இவ்வளவு நெறிமுறைகள் இருந்தும் ஏன் இப்படி? கடந்த 35 ஆண்டு நிகழ்வுகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நெறிமுறைகளின் வாசகங்களில் பெரிய குறை இல்லை. பார்வையாளர் இருக்கும் களத்தில் அவை வேலை செய்கின்றன. பார்வையாளர் இல்லாத லாயத்தில், பயிற்சித் திடலில், அநேகமாக வேலை செய்வதில்லை. அங்கே நடப்பதைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு வாய் திறக்க வழியில்லை.

முதலில் வாசகங்களைப் பார்த்துவிடலாம். 1921இல் தொடங்கப்பட்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் நடத்தை நெறி, குதிரையின் நலனைப் போட்டி நோக்கத்துக்கோ வணிக நோக்கத்துக்கோ எப்போதும் கீழ்ப்படுத்தக் கூடாது என்கிறது. லாயம், தீவனம், பயணம், லாடம், சேணம், பயிற்சி முறை, தரையின் தன்மை, வெயில், ஓய்வு பெற்ற பிறகான வாழ்க்கை என்று எல்லாவற்றையும் அது தொடுகிறது. ஜெர்மானியக் கூட்டமைப்பு 1995இல் வெளியிட்ட ஒன்பது அறக் கொள்கைகள் இன்னும் ஆழமானவை. குதிரையோடு பழகும் எவரும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிருக்குப் பொறுப்பேற்கிறார். அந்தப் பொறுப்பு அதன் இறுதி நாள் வரை நீள்கிறது. பதக்கம் வென்ற குதிரைக்கும் வயதான குதிரைக்கும் மதிப்பு ஒன்றே. குதிரையின் இயல்பையும் திறனையும் மீறி மருந்தாலோ வலுக்கட்டாயத்தாலோ ஆற்றலைக் கூட்டுவது ஏற்கத்தக்கதல்ல என்றெல்லாம் அவை சொல்கின்றன. இந்தச் சிந்தனை புதிதும் அல்ல. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்தின் செனபோன் ஏறக்குறைய 2,350 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். என்ன செய்யக் கூடாது என்பது மனிதர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தேதான் இருக்கிறது.

தெரிந்த விஷயம் நடைமுறையில் எப்படி நழுவுகிறது என்பதற்கு ஜெர்மனியின் கதையே நல்ல சான்று. 1990இல், மூன்று முறை ஐரோப்பிய சாம்பியனான பால் ஷோக்கமூலேயின் பயிற்சித் திடலில் எடுக்கப்பட்ட காணொளி வெளியானது. குதிரை தடைக்கு மேலே தாவும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் ஒரு கம்பால் அதன் கால்களில் அடிக்கிறார். தடையைக் கால் தொட்டதால்தான் வலித்தது என்று குதிரை நம்பும். மறுமுறை எச்சரிக்கையாகத் தாவும். இந்த வழக்கத்துக்குப் ‘பாரன்’ என்று பெயர். நாடே கொதித்தது. பாரன் தடை செய்யப்பட்டது. ஆனால் அதே கம்பால், தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர், காலை மெல்லத் தொட்டுக் குதிரைக்கு நினைவூட்டுவது மட்டும் ‘டூஷீரன்’ என்ற பெயரில் அனுமதிக்கப்பட்டது. அடிப்பது குற்றம், தொடுவது பயிற்சி. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு கம்பைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டில் இருந்தது. பூட்டிய வாயிலுக்குள் அந்தக் கோட்டை அளக்க யாரும் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு நீடித்தது. 2022 ஜனவரியில் ஜெர்மானியத் தொலைக்காட்சி ஒன்று இன்னொரு புகழ்பெற்ற வீரரின் திடலிலிருந்து காட்சிகளை ஒளிபரப்பியது. அங்கே நடந்தது பாரன் என்றது தொலைக்காட்சி. டூஷீரன்தான் என்றார் வீரர். எது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டு தரப்பும் ஒரே காட்சியைக் காட்டி எதிரெதிராகப் பேச முடிந்தது என்பதே விதியின் ஓட்டையைக் காட்டிவிட்டது. அதே ஆண்டில் ஜெர்மானியக் கூட்டமைப்பு டூஷீரனையும் கைவிட்டது. சரியான முடிவுதான். ஆனால் 1990இலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

டிரெஸாஜ் பிரிவிலும் இதே கதை நடந்தது. டிரெஸாஜ் என்பது குதிரை இசைக்கேற்ப நடனமாடுவதுபோல் பொதுப் பார்வைக்குத் தெரியும் பிரிவு. உண்மையில் அது நடை, சமநிலை, கீழ்ப்படிதல் ஆகியவற்றின் தேர்வு. குதிரையின் கழுத்தை இழுத்து வளைத்து, முகவாயை மார்போடு ஒட்டவைத்து நெடுநேரம் ஓட்டிப் பழக்கும் முறைக்கு ரோல்கூர் என்று பெயர். 2009 அக்டோபரில் டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் நடந்த போட்டியின் பயிற்சித் திடலில், இப்படி வளைக்கப்பட்ட குதிரை ஒன்றின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கும் காட்சி பதிவானது. 2010 பிப்ரவரியில் லோசானில் கூடிய கூட்டம், முரட்டு வலுவைப் பயன்படுத்திக் கழுத்தை வளைப்பதை ஏற்க முடியாது என்றது. வலுவில்லாமல் தாழ்த்தி, ஆழ்த்தி, வளைப்பதற்குத் தடை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. கழுத்தின் கோணத்தைக் கண்ணால் பார்க்கலாம், படமெடுத்து அளக்கலாம். கையில் இருக்கும் வலுவை எட்டி நிற்கும் கண்காணிப்பாளரால் எப்படி அளக்க முடியும்? அளக்கக்கூடியதை விட்டுவிட்டு அளக்க முடியாததைத் தடை செய்தார்கள். இப்படி எழுதப்பட்ட விதி, மீறுபவருக்கே சாதகமாக முடியும்.

இங்கே நடுவர்களையும் பேசியாக வேண்டும். போட்டி விதிப்படி குதிரையின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். 1992இலும் 2008இலும் நடந்த உயர்நிலைப் போட்டிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, பிந்தைய ஆண்டில் குதிரைகளின் முகம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் கூடுதலாகச் சாய்ந்திருந்ததைக் கண்டது. விதிப் புத்தகம் மாறவில்லை. புள்ளி போடும் கை மாறியிருந்தது. பயிற்சியாளர் எவரும் நெறிமுறைப் புத்தகத்தைப் பார்த்துக் குதிரையைத் தயார் செய்வதில்லை. போன வாரம் யாருக்கு எவ்வளவு புள்ளி விழுந்தது என்று பார்த்துத்தான் தயார் செய்கிறார். நடுவரின் மதிப்பெண் தாளே இந்த விளையாட்டில் உண்மையாக அமலில் இருக்கும் நெறிமுறை என்று நான் நினைக்கிறேன்.

மூக்குப்பட்டையை எடுத்துக்கொள்வோம். கடிவாளத்தோடு சேர்ந்து குதிரையின் மூக்கையும் தாடையையும் சுற்றி வரும் தோல்வார் அது. டிரெஸாஜில் குதிரை வாயைத் திறந்தால் புள்ளி குறையும். வாயிரும்பு உறுத்துகிறது, கை முரடாக இருக்கிறது என்று குதிரை சொல்லும் வழிகளில் வாய் திறப்பதும் ஒன்று. பட்டையை இறுக்கிவிட்டால் வாய் திறக்காது. உறுத்தல் அப்படியே இருக்கும், அதன் அறிகுறி மட்டும் மறைந்துவிடும். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய குதிரைக்காரர்களின் கணக்கு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளை அளந்தார்கள். நுனியிலிருந்து மெல்ல அகன்றுகொண்டே போகும் ஒரு தட்டை அளவுகோலைப் பட்டைக்கடியில், மூக்கெலும்பின் மேல், செருகிப் பார்ப்பதுதான் முறை. 44 விழுக்காட்டுக் குதிரைகளில் அதன் நுனிகூட நுழையவில்லை. இரண்டு விரல் இடம் இருந்தவை 7 விழுக்காடு மட்டுமே.

இது இருட்டறையில் நடந்த கொடுமை இல்லை. எல்லோர் கண்முன்னும், பட்டப்பகலில், கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்கும்போதே நடந்தது. யாருடைய விரல், மூக்கின் மேலா பக்கவாட்டிலா என்று வரையறுக்காமல் விட்டதால் விதி இருந்தும் பயனில்லாமல் போனது. 2025இல் சர்வதேசக் கூட்டமைப்பு எல்லாப் போட்டிகளுக்கும் ஒரே அளவுகருவியைக் கொண்டுவந்தது. கருவி நுழைகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி, வாதாட இடமில்லை. அறம் பற்றிய நூறு பக்கப் பிரகடனங்களைவிட அந்தச் சிறு துண்டு குதிரைக்கு அதிகம் செய்யும் என்பது என் எண்ணம். பின்னங்கால் காப்புறைகளும் இப்படித்தான். அவற்றை அளவு மீறி இறுக்கினால் குதிரை பின்னங்காலை அசாதாரண உயரத்துக்கு உதைத்துத் தாவும். இன்ன வகைக் காப்புறை மட்டுமே அணியலாம் என்று படிப்படியாகக் கட்டுப்படுத்தி 2021இல் அந்த வழியை அடைத்தார்கள்.

முன்னேற்றம் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2010இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில், தங்கம் வெல்லும் வாய்ப்பிருந்த நெதர்லாந்துக் குதிரை பார்சிவாலின் வாயில் ரத்தம் தெரிந்ததும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். குதிரை நாக்கைக் கடித்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. ஆனாலும் ரத்தம் என்றால் வெளியே என்ற விதி எளிமையானது, எல்லோருக்கும் புரிவது. 2025 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய பொதுச்சபை, தடை தாண்டும் பிரிவில் அந்த விதியைத் தளர்த்தி, பல நேர்வுகளில் எச்சரிக்கைப் பதிவோடு நிறுத்திக்கொள்ள வழி செய்தது. சின்னக் கீறலுக்கு வீரரின் ஆண்டு உழைப்பைப் பறிப்பது நியாயமா என்ற கேள்வியில் பொருள் இருக்கிறது. ஆயினும் குதிரை நலனுக்கென்று ஆணையம் அமைத்து மக்களின் நம்பிக்கையை மீட்கப் பாடுபடும் ஓர் அமைப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒரே தெளிவான கோட்டை மங்கலாக்கியது தவறு. பல தேசியக் கூட்டமைப்புகளும் குதிரை மருத்துவர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகும் அது நிறைவேறியது வருத்தமளிக்கிறது.

களத்தைவிட்டு லாயத்துக்கு வருவோம். 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களுக்கு முன், பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் போட்டியிலிருந்து விலகினார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர், டிரெஸாஜை லட்சக்கணக்கானோர் பார்க்கக் காரணமானவர். தனியார் திடல் ஒன்றில் மாணவி ஒருவருக்குப் பயிற்சி தரும்போது, மாணவி ஏறியிருந்த குதிரையின் கால்களில் ஒரு நிமிடத்துக்குள் 20 முறைக்கு மேல் நீளச் சாட்டையால் அடித்தது காணொளியாக வெளிவந்திருந்தது. நடந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. அவர் தவறை ஒப்புக்கொண்டார். ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. இதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க்கில் பெரும் குதிரை வணிகரும் ஒலிம்பிக் வீரருமான ஆண்ட்ரியாஸ் ஹெல்க்ஸ்ட்ராண்டின் லாயத்தில் ரகசியமாகப் படமெடுத்த ஆவணப்படம் ஒளிபரப்பாகி, அவர் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார். 2022இல் நியூசிலாந்தின் மார்க் டாட், பயிற்சி வகுப்பில் குதிரையை மரக்கிளையால் அடித்த காணொளியால் தடைக்கு உள்ளானார். குதிரை நல அறக்கட்டளை ஒன்றின் புரவலராகவும் இருந்தவர் அவர்.

இவற்றில் எதுவும் போட்டிக் களத்தில் நடந்ததில்லை. டுஜார்டினும் டாடும் செய்தது வீரராக அல்ல, பயிற்சியாளராக. அதுதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. வீரர் அடித்தால் ஒரு குதிரைக்கு வலிக்கும். பயிற்சியாளர் அடித்தால் அதைப் பார்த்து நிற்கும் மாணவிக்கு அது பாடமாகிவிடும். அவள் நாளை நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுப்பாள். சர்வதேச விதி போட்டியின்போதும் பிற எந்த நேரத்திலும் குதிரையைத் துன்புறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் டுஜார்டின்மீது நடவடிக்கை எடுக்க முடிந்தது. அமெரிக்கக் கூட்டமைப்பின் விதிக்கு அந்த நீளம் இருக்கவில்லை. போட்டி வளாகத்துக்குள் நடந்தால் மட்டுமே அது விசாரிக்கும். வளாகத்தின் வாயிலைத் தாண்டி வீட்டு லாயத்தில் நடப்பதற்கும் தன் அதிகாரத்தை அது நீட்டித்தது 2024 டிசம்பர் 1ஆம் தேதி முதல்தான். உறுப்பினரின் நிலத்துக்குள் விளையாட்டு அமைப்புக்கு என்ன வேலை என்று எதிர்த்தவர்கள் உண்டு. வாரத்தில் ஆறு நாள் வீட்டிலும் ஒரு நாள் போட்டியிலும் இருக்கும் விலங்குக்கு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் பாதுகாப்புத் தருவது எந்தக் கணக்கிலும் சேராது.

அதிகாரம் நீண்டால் மட்டும் போதாது, தகவல் வர வேண்டும். லாயத்தில் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் யார்? விடியற்காலை தீவனம் வைப்பவர், சாணம் அள்ளுபவர், உடம்பு தேய்த்துவிடுபவர், கால்கட்டு அவிழ்க்கும்போது வீக்கத்தை முதலில் பார்ப்பவர். ஐரோப்பாவில் இவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், அயல்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. தங்குமிடம் முதலாளியின் வளாகத்திலேயே இருக்கும். அடுத்த வேலைக்குப் போக அவருடைய ஒரு நல்ல வார்த்தை வேண்டும். புகார் கொடுத்தால் அன்று இரவு படுக்க இடம் இருக்காது, இந்தச் சிறிய உலகத்தில் வேறெங்கும் வேலையும் கிடைக்காது. மாணவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுவே. தேர்வுக் குழுவின் காதில் விழும் குரல் பயிற்சியாளருடையது. இதனால்தான் காணொளிகள் ஆண்டுக்கணக்கில் யாருடைய கைபேசியிலோ தூங்கிவிட்டு, வழக்கறிஞர் வழியாகவோ தொலைக்காட்சி வழியாகவோ வெளிவருகின்றன. வந்ததும், ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தார், ஒலிம்பிக் நேரம் பார்த்து ஏன் கொடுத்தார் என்று கொடுத்தவரின் நோக்கத்தைத் துருவுகிறார்கள். நேரான வழி எதையும் திறந்துவைக்காமல், சுற்றுவழியில் வந்தவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முன்னும் பின்னும் வெட்டப்பட்ட பத்து நொடிக் காட்சி ஒருவரின் வாழ்நாள் உழைப்பை ஒரே இரவில் அழிக்க வல்லது. அதற்கு மருந்து காணொளிகளை அலட்சியப்படுத்துவதல்ல; குதிரை மருத்துவமும் சட்டமும் தெரிந்த, யாருக்கும் கடன்படாத விசாரணைக் குழுவை அமைத்து, குறுகிய காலத்தில் முடிவு சொல்வது.

யாருக்கும் கடன்படாத என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் டென்னசி வாக்கிங் ஹார்ஸ் என்ற இனத்துக்கான கண்காட்சிப் போட்டிகள் நடக்கின்றன. முன்னங்காலை மிக உயரத் தூக்கி வைக்கும் ‘பிக் லிக்’ என்ற நடைக்கே அங்கே பரிசு. அந்த நடையைப் பெற, கணுக்காலில் எரிக்கும் வேதிப்பொருள் தடவிச் சங்கிலி மாட்டும் வழக்கம் பரவியது. 1970இல் இதைத் தடுக்கக் கூட்டரசுச் சட்டமே வந்தது. ஆனால் சோதிக்க ஆள் போதவில்லை என்று, 1976 திருத்தத்துக்குப் பிறகு குதிரைத் தொழில் அமைப்புகளே தங்கள் பரிசோதகர்களை நியமித்துக்கொள்ள வழிவிட்டார்கள். அந்தப் பரிசோதகர்களில் பலர் அதே தொழிலில் குதிரை வைத்திருப்பவர்கள், நாளை தாமே போட்டியிட இருப்பவர்கள். 2010இல் வேளாண் துறையின் தணிக்கை அறிக்கை இந்த ஏற்பாட்டின் நலமுரணைச் சுட்டிக்காட்டி அதைக் கைவிடச் சொன்னது. 2012இல் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் லாயத்துக் காட்சிகளை விலங்கு நல அமைப்பொன்று வெளியிட்டபோது, சட்டம் வந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகும் வேதிப்பொருள் கால்களில் தடவப்பட்டுக்கொண்டிருந்தது. பரிசு தரும் நடை அப்படியே இருந்தது. அதைச் சோதிப்பவரும் உள்வீட்டு ஆளாகவே இருந்தார்.

நீள்தூர ஓட்டமான எண்டூரன்ஸ் பிரிவு இதற்கு நேர்மாறான நம்பிக்கையோடு வடிவமைக்கப்பட்டது. 160 கிலோமீட்டர் ஓட்டத்தைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் மருத்துவர் குதிரையைப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்காவிட்டால் அத்தோடு ஓட்டம் முடிந்தது. நொண்டினாலும் அப்படியே. முடிவெடுக்கும் உரிமையை வீரரிடமிருந்து வாங்கிக் குதிரையின் உடம்பிடமே கொடுக்கும் விதி இது. குதிரையேற்றத்தில் எழுதப்பட்ட விதிகளில் இதைவிடச் சிறந்த சிந்தனையை நான் கண்டதில்லை. அதையும் பணமும் வேகமும் வளைத்தன. வளைகுடாவின் தட்டையான மணல் தடங்களில் வேகம் ஏற ஏறக் கால் முறிந்து சாகும் குதிரைகள் பெருகின. 2015 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பையே சர்வதேசக் கூட்டமைப்பு சில மாதம் இடைநீக்கம் செய்தது. 2016இல் ஃபுஜைராவில் ஓடிய காஸில்பார் கான்ட்ராபேண்ட் என்ற குதிரை கால் முறிந்து கருணைக்கொலைக்கு உள்ளானது. வலி தெரியாதபடி காலை மரத்துப்போகச் செய்து ஓட்டியதாகத் தீர்ப்பாயம் கண்டது. வீரருக்கு 20 ஆண்டுத் தடை. வலி என்பது குதிரைக்கு இயற்கை வைத்த காவல். அதைப் பறித்துவிட்டால் முறியும் எலும்பின் மேலேயே அது ஓடிக்கொண்டிருக்கும்.

பயிற்சியாளர் நெறி என்றால் குதிரையைப் பற்றியது மட்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவர் கையில் இன்னும் இரண்டு நம்பிக்கைகள் ஒப்படைக்கப்படுகின்றன. ஒன்று பணம். மாணவரின் பெற்றோருக்குக் குதிரை பற்றி எதுவும் தெரியாது. எதை வாங்கலாம் என்று பயிற்சியாளரிடமே கேட்பார்கள். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒருசேரத் தரகு வாங்கிக்கொண்டு இரு தரப்புக்கும் சொல்லாமல் விடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். கென்டக்கி, கலிபோர்னியா, புளோரிடா ஆகிய மாநிலங்கள் இரு தரப்புக்கும் வேலை செய்வதை எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று விதி செய்தன. தரகு கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சிறுமிக்கு அடங்காத குதிரையை விற்றால், அவள் எலும்பும் முறியும், குதிரையும் அடி வாங்கும். பண ஒழுக்கத்தைத் தனி அத்தியாயமாக ஒதுக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று குழந்தைகள். லாயத்தில் பயிற்சியாளரின் சொல்லே சட்டம். வெளியூர்ப் போட்டிகள், நீண்ட பயணங்கள், விடுதித் தங்கல்கள் என்று வீட்டைவிட்டு விலகிய நேரமும் அதிகம். 2017இல் அமெரிக்காவில் எல்லா ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பொதுவாக ‘சேஃப்ஸ்போர்ட்’ மையம் தொடங்கப்பட்டது. அந்நாட்டுத் தடை தாண்டும் பயிற்சியின் பிதாமகராகக் கொண்டாடப்பட்ட ஜார்ஜ் மாரிஸுக்கு, சிறுவர்கள் தொடர்பான பாலியல் ஒழுங்கீனத்துக்காக 2019இல் அது வாழ்நாள் தடை விதித்தது. அவருடைய மேல்முறையீடும் தோற்றது. சங்கங்களுக்கு வெளியே நிற்கும் ஓர் அமைப்பு என்பதால்தான் அவ்வளவு பெரிய பெயரைத் தொட முடிந்தது. குதிரைகளைக் காக்கவும் இப்படியொரு வெளி அமைப்பு வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

எந்த நெறிமுறையாலும் சரிசெய்ய முடியாத வடிவமைப்புக் கோளாறுகளும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 6 அன்று நடந்த மாடர்ன் பென்டத்லான் போட்டியில், ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தார். இந்தப் போட்டியின் குதிரையேற்றப் பகுதியில் குதிரை சீட்டுக் குலுக்கலில் கிடைக்கும். பழகிக்கொள்ள 20 நிமிடம் தருவார்கள். அவருக்கு விழுந்த செயின்ட் பாய், சற்று முன் வேறொரு வீராங்கனையிடம் ஓட மறுத்து நின்ற குதிரை. உள்ளே போகவே அது மறுத்தது. ஷ்லாய் அழுதுகொண்டே சாட்டையை வீசினார். வேலியோரம் நின்ற பயிற்சியாளர் கிம் ரைஸ்னர், ஓங்கி அடி என்று கத்தியதோடு தன் முஷ்டியாலும் குதிரையைக் குத்தினார். அவர் மீதிப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார். ஷ்லாய் 31ஆம் இடத்துக்குப் போனார். இருவர் மீதும் உலகமே வசை பொழிந்தது. ஆனால் பயந்துபோன ஒரு விலங்கையும் அதை அறியாத ஒரு மனிதரையும் தங்கப் பதக்கத்தை நடுவில் வைத்து 20 நிமிடத்தில் இணைத்தவர்கள் யார்? கடைசியில் அந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பு, பாரிஸ் ஒலிம்பிக்கோடு குதிரையேற்றத்தை விட்டுவிட்டு, மனிதர்களே ஏறித் தாவும் தடைக்களத்தை வைத்துக்கொண்டது. அது தோல்வியல்ல, நேர்மையான முடிவு.

டோக்கியோவின் அதிர்ச்சிக்குப் பிறகு சர்வதேசக் கூட்டமைப்பு 2022இல் அறமும் நலமும் குறித்த தனி ஆணையம் ஒன்றை நியமித்தது. அது 14 நாடுகளில் பொதுமக்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் விளையாட்டில் குதிரைகளின் நலம், பாதுகாப்பு பற்றிக் கவலை தெரிவித்தார்கள். 2023இல் வந்த இறுதி அறிக்கை, குதிரைக்கு வலி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, நல்ல வாழ்க்கை இருக்க வேண்டும் என்றது. மற்றக் குதிரைகளோடு பழகுவது, மேய்வது, கட்டின்றி ஓடுவது இதெல்லாம் அந்த வாழ்க்கையில் சேரும். பல லட்சம் யூரோ விலையுள்ள குதிரைகள் அடிபட்டுவிடும் என்ற பயத்தில் நாளின் பெரும்பகுதியைத் தனி அறையில் கழிக்கும் உலகத்தில் இந்தப் பரிந்துரைதான் எல்லாவற்றிலும் கடினமானது.

குதிரை பேசாது என்கிறோம். பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சூ டைசன் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்: காதுகள் தொடர்ந்து பின்னோக்கிச் சாய்வது, வாயை மீண்டும் மீண்டும் திறந்து மூடுவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாலை ஓயாமல் சுழற்றுவது, வெறித்த பார்வை, பின்னங்கால் இடறுவது. ஆள் ஏறியிருக்கும்போது இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் அந்தக் குதிரைக்குத் தசை, எலும்பு, மூட்டு வலி இருக்க வாய்ப்பு அதிகம். குணம் கெட்ட குதிரை, சோம்பேறிக் குதிரை என்று பெயர் வாங்கி அடிபடும் பல குதிரைகள் வலியில் இருப்பவை. பயிற்சியாளர் உரிமம் தரும் தேர்வில் இந்தப் பட்டியல் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். அறியாமையால் அடிப்பவர்கள் கொடுமையால் அடிப்பவர்களைவிட அதிகம். அவர்களைத் தண்டனை திருத்தாது, பாடம் திருத்தும்.

இந்தியாவுக்கு இதெல்லாம் தொலைதூரச் செய்தி இல்லை. டோக்கியோவில் பெங்களூருவின் ஃபவாத் மிர்சா 23ஆம் இடம் பிடித்தார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாக்ருதி சிங், ஹ்ரிதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வர் அணி டிரெஸாஜில் தங்கம் வென்றது. அனுஷ் தனிநபர் பிரிவில் வெண்கலமும் பெற்றார். இந்த வெற்றிகளைப் பார்த்துப் பிள்ளைகளைக் குதிரையேற்றத்தில் சேர்க்கும் நடுத்தரக் குடும்பங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் பெருகிவருகின்றன. அங்கே பிள்ளைகள் ஏறும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டு, பழைய காயங்களோடு வந்தவை. போட்டிக்கே போகாத பள்ளி எந்த விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிக்கும் கட்டுப்படாது. எஞ்சியிருப்பது நாட்டின் சட்டம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை அடித்துத் துன்புறுத்தும் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு மணி நேரப் பயிற்சிக் கட்டணத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று பெற்றோர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் லாயங்களில் குதிரையை அறிந்தவர் குதிரைக்காரர்தான். பல தலைமுறையாக இந்த வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. எந்தக் குதிரை நேற்று இரவு தீவனத்தை மிச்சம் வைத்தது, எதற்கு இடது முன்னங்கால் சூடாக இருக்கிறது என்பது அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். இன்று இதற்கு வேலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. பள்ளி நடத்துபவர்கள் நெறிமுறை எழுத உட்கார்ந்தால் முதல் வரியாக அந்த உரிமையை எழுதட்டும்: குதிரைக்காரர் வேண்டாம் என்றால், மருத்துவர் பார்க்கும் வரை அந்தக் குதிரைமேல் யாரும் ஏறக் கூடாது, அப்படிச் சொன்னதற்காக அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இந்த வரி இருக்கிறதா என்று கேட்கலாம்.